ஆளிவிதை வாங்கும் முன்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் பக்கத்து நிலங்களில் நெல்லைப் பார்க்கலாம், வேர்க்கடலையைப் பார்க்கலாம். ஆளிவிதை அங்கே பயிராவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என வடக்கிலிருந்து வரும் சரக்கு அது. ஆனாலும் உத்திரமேரூர் கடைவீதி வரைக்கும் வந்துவிட்டது. விதைக்கு முன்பே வந்தது வாட்ஸ்அப் புகழ்: சர்க்கரை போய்விடும், தொப்பை கரையும், மாரடைப்பே வராது!

நல்ல உணவு என்பதில் சந்தேகம் வேண்டாம். 100 கிராம் விதையில் சுமார் 27 கிராம் நார்ச்சத்தும் 18 கிராம் புரதமும் 42 கிராம் கொழுப்பும் உண்டு. அந்தக் கொழுப்பில் பாதி தாவர ஒமேகா-3. மீன் தருகிற ஒமேகா-3 ஆக அதை நம் உடம்பு மிகக் கொஞ்சமே மாற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் விளம்பரங்கள் சொல்வதில்லை. மத்தி மீன் கிடைக்கிறவர்கள் இதற்காக ஏங்க வேண்டியதில்லை.

விதையை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். பொடித்தால்தான் பலன். வெறும் வாணலியில் சிறுதீயில் போட்டு, படபடவென வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். இட்லிப் பொடிக்கு வறுக்கும் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாயோடு ஒரு பங்காக இதையும் சேர்க்கலாம். மகாராஷ்டிரத்தில் பூண்டும் மிளகாயும் வைத்து இடித்து, ஜவஸ் சட்னி என்று ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் கேழ்வரகு அடை மாவிலும் சப்பாத்தி மாவிலும் கலந்தால் ருசி கெடாது. மோரிலோ கூழிலோ ஒரு ஸ்பூன் போட்டால் குழகுழவென்று கெட்டியாகும். அது சிலருக்குப் பிடிக்காது. எள்ளோடும் வெல்லத்தோடும் சேர்த்து உருண்டை பிடித்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து, மூடிய பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கசப்போ பெயின்ட் வாடையோ வந்தால் காறிப்போயிற்று, கொட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி போதும். மரவள்ளியில் இருப்பது போன்ற சயனைடு தரும் பொருள் இதிலும் சிறிதளவு உண்டு. வறுத்தால் குறையும். அதனால் பச்சைப் பொடியைக் கை கையாக அள்ளித் தின்னக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டால் வயிற்றில் உப்பி மலச்சிக்கலை அதிகமாக்கும். குடலடைப்பு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எந்த மாத்திரையோடும் சேர்த்து விழுங்காமல், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் மர வேலைக்கும் பெயின்டுக்கும் விற்கும் லின்சீட் ஆயிலும் ஆளிவிதை எண்ணெய்தான்; ஆனால் அதில் சீக்கிரம் காய்வதற்காக உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கலாம். அது வாய்க்குள் போகக் கூடாது. சமையலுக்கான ஆளிவிதை எண்ணெயும் சூடு தாங்காது. வடை, பஜ்ஜி பொரிக்க உதவாது.

விதையிலும் ஆள் மாறும். ஹலீம் என்கிற சிறு செம்பழுப்பு விதையும் இதே பெயரில் விற்கிறது. உங்களுக்கு வேண்டியது தட்டையாக, ஒரு முனை கூராக, பளபளப்பாக இருக்கும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொன் வாரியம் என்றொரு குழு வருகிறது. பொன்னின் மாற்றுப் பார்ப்பது அதன் வேலை. இன்று உணவுக்கு அந்த வேலையைச் செய்ய, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எடை, அதிகபட்ச சில்லறை விலை, புகார் முகவரி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாங்கியவரே பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று மருந்தாக விளம்பரம் செய்வது மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அப்படிப்பட்ட துண்டுப் பிரசுரத்தையோ பாக்கெட்டையோ கண்டால் படம் எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

உதிரியாக வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள், பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். புகார் என்று போனால் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.