குட்டியா, குள்ளமா?

ஐரோப்பாவில் ருமேனியா என்றொரு நாடு இருக்கிறது. அதில் மலைகளுக்கு நடுவே இருக்கும் பகுதி டிரான்சில்வேனியா. 1895ஆம் ஆண்டு அங்கே சன்பெத்ரு என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், இலோனா என்ற பெண் தன் குடும்பத்து நிலத்தில் சில எலும்புகளைக் கண்டெடுத்தாள். ஆடு மாடுகளின் எலும்பு போல அவை இல்லை. கல்லாக இறுகிப்போயிருந்தன. அவற்றைக் கொண்டுபோய் அண்ணன் ஃபிரான்ஸிடம் கொடுத்தாள்.

அண்ணனுக்கு அப்போது 18 வயது. வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தான். எலும்புகள் எந்தப் பிராணியுடையவை என்று அவனுக்கும் தெரியவில்லை. வியன்னாவுக்கு எடுத்துப் போய் எட்வர்ட் சூஸ் என்ற பேராசிரியரிடம் காட்டினான். நிலவியலில் சூஸ் பெரிய மேதை. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாம் ஒன்றாக இருந்த காலத்து நிலப்பரப்பைக் கோண்டுவானா நிலம் என்று உலகம் அழைக்கக் காரணமானவர். அப்படிப்பட்டவர் அந்த எலும்புகளைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு கட்டுரை எழுதியிருக்கலாம். அவரோ, நீயே படித்து, நீயே ஆராய்ந்து எழுது என்று பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் அவர்தான்.

ஃபிரான்ஸ் நோப்ச்சா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எலும்புகளின் அமைப்பை இரவும் பகலும் படித்தார். 1899இல், 22 வயதில், தங்கை எடுத்துக் கொடுத்தது வாத்தின் அலகு போன்ற வாய் உள்ள ஒரு தாவர உண்ணி டைனோசர் என்று விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். இன்று அதற்கு டெல்மாடோசாரஸ் என்று பெயர்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த வட்டாரத்துக்கு ஹட்செக் என்று பெயர். அங்கே தோண்டத் தோண்ட வேறு டைனோசர்களும், ஆமைகளும், முதலைகளும் கிடைத்தன. எல்லாம் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. டைனோசர்கள் எல்லாமே சிறியவையாக இருந்தன.

அவற்றில் ஒன்று நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட டைட்டனோசர் வகையைச் சேர்ந்தது. இந்த வகை உலகத்துக்கு முதலில் தெரிய வந்ததே நம் இந்தியாவிலிருந்துதான். ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளை வைத்து 1877இல் டைட்டனோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். நோப்ச்சா பிறந்ததும் அதே ஆண்டில்! நம் அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டிலும் இந்த வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு மிகப் பெரிய டைனோசரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. டைட்டனோசர்களில் 25, 30 மீட்டர் நீளம் வளர்ந்தவை உண்டு. ஹட்செக்கில் கிடைத்ததோ சுமார் 6 மீட்டர்தான். எடை ஒரு டன் இருந்தால் அதிகம். இன்று அதை மாக்யரோசாரஸ் என்கிறோம்.

சிறிய எலும்பைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? இது குட்டியின் எலும்பு, பெரியதாக வளர்வதற்குள் செத்துப்போயிருக்கும் என்றுதானே? நல்ல ஊகம்தான். நோப்ச்சா வேறு மாதிரி யோசித்தார். ஒன்றிரண்டு எலும்புகள் சிறியவை என்றால் குட்டி எனலாம். ஒரு வட்டாரத்தில் கிடைத்த எத்தனையோ எலும்புகள் சிறியவையாகவே இருந்தால்? பெரியவையெல்லாம் எங்கே போயின?

இதற்கான விடையை அவர் பாறையில் தேடினார். டைனோசர் காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதி கடலுக்குள் இருந்தது. டெதிஸ் என்ற அந்தப் பழைய கடலுக்குப் பெயர் வைத்தவரும் பேராசிரியர் சூஸ்தான். ஆற்று வண்டல் படிந்த ஹட்செக் நிலம் அந்தக் கடலுக்கு நடுவே ஒரு தீவாக இருந்திருக்கிறது. நிலநடுக்கடல் தீவுகளில் குள்ள யானைகளின் எலும்புகள் அதற்கு முன்பே கிடைத்திருந்தன. சிசிலியில் வாழ்ந்த ஒரு வகையில் முழுதாக வளர்ந்த யானையே ஒரு மீட்டர் உயரம்தான் இருந்தது. யானைக்கு நடந்தது டைனோசருக்கும் நடந்திருக்கலாமே என்று நோப்ச்சா முதலாம் உலகப் போருக்கு முன்பே எழுதினார். இவை குட்டிகள் அல்ல, வளர்ந்த குள்ளர்கள் என்பது அவர் முடிவு.

தீவில் இருந்தால் உடம்பு சிறுத்துவிடுமா? இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த டைனோசரும் தன் வாழ்நாளில் சுருங்கிப் போகவில்லை. ஒரே வகைப் பிராணிகளிலும் சில கொஞ்சம் பெரியவை, சில கொஞ்சம் சிறியவை. தீவில் இலைதழை அளவோடுதான் கிடைக்கும். தீர்ந்துவிட்டால் வேறு காட்டைத் தேடிப் போக வழியில்லை. பஞ்ச காலத்தில் பெரிய உடம்புக்குப் போதிய தீனி கிடைக்காது, சிறிய உடம்பு சமாளித்துவிடும். சிறியவை சீக்கிரமே முட்டையிடும் பருவத்துக்கும் வந்துவிடும். அவற்றின் குஞ்சுகளும் தாயைப் போலச் சற்றுச் சிறியவையாக இருக்கும். இப்படியே ஆயிரக்கணக்கான தலைமுறைகள் போனால், அந்த இனமே சிறுத்துவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம்: உடம்பு சிறியது என்றால் வேட்டை மிருகம் பிடித்துவிடாதா? பெரிய கண்டங்களில் டைனோசர்களை வேட்டையாடிய ராட்சத டைனோசர்கள் ஹட்செக்கில் கிடைக்கவே இல்லை. அங்கே பயப்பட வேண்டியிருந்தது வானத்துக்குத்தான். ஹட்செகோப்டெரிக்ஸ் என்ற பறக்கும் ஊர்வன அங்கே வாழ்ந்தது. சிறகை விரித்தால் சுமார் 10 மீட்டர்! இந்தப் பிராணிக்குப் பெயர் வைத்தது 2002இல்தான். நோப்ச்சாவுக்கு இதைப் பற்றித் தெரிய வாய்ப்பே இல்லாமல் போனது.

இனி அவர் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம். நோப்ச்சா வீட்டார் பல தலைமுறைகளுக்கு முன் ருமேனியர்கள். பிறகு ஹங்கேரியப் பிரபுக்களாகிவிட்டவர்கள். அவருடைய தந்தை வழி உறவினர் ஒருவர், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் அரண்மனை நிர்வாகத்துக்கே தலைவராக இருந்தார். நோப்ச்சா பிறந்தபோது டிரான்சில்வேனியா ருமேனியாவில் இல்லை, ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. நிலம் பிரபுக்களுக்குச் சொந்தம். அதில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் ருமேனிய உழவர்கள்.

1918இல் போர் முடிந்தது, பேரரசு சிதறியது. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி ஆல்பா யூலியா நகரில் கூடிய ருமேனியர்கள், டிரான்சில்வேனியா ருமேனியாவோடு சேரும் என்று அறிவித்தார்கள். 1920இல் டிரியனான் ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. அடுத்து நிலச் சீர்திருத்தம் வந்தது. பெரிய பண்ணைகளைப் பிரித்து உழவர்களுக்குக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு அது நியாயம்தான். நோப்ச்சா தன் பழைய சொத்தைப் பார்க்கப் போனபோது, ஊர்க்காரர்கள் சிலர் தாக்கியதில் தலையில் பலமாக அடிபட்டது. குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு மாளிகை, ருமேனியாவுக்கு உதவிய பிரெஞ்சுத் தளபதி பெர்த்தலோவுக்குப் போனது. அந்தக் கிராமத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சொத்தை இழந்தவர் சேர்த்து வைத்த எலும்புகளையும் லண்டன் அருங்காட்சியகத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் புடாபெஸ்டில் ஹங்கேரிய நிலவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். 1933இல் வியன்னாவில் காலமானார். அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. தலையில் கொண்டை உள்ள டைனோசர்கள் ஆண், கொண்டை இல்லாதவை பெண் என்று நினைத்தார். அவை வேறு வேறு இனங்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும், மற்றவர்கள் எலும்புகளை எண்ணிப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பிராணி எப்படி நடந்தது, எப்படி வளர்ந்தது, எதைத் தின்றது என்று கேட்டவர் அவர். அதனால்தான் அவரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய குள்ள டைனோசர் கருத்தை எப்படிச் சோதிப்பது? எலும்புக்குள்ளேயே வழி இருக்கிறது. எலும்பை வைர ரம்பத்தால் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்கி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மரத்தில் ஆண்டு வளையங்கள் இருப்பது போல, பல டைனோசர் எலும்புகளில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். இன்னொரு தடயமும் உண்டு. உயிருள்ள எலும்பு பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் எலும்பிலும் இப்போது அதுதான் நடக்கிறது. வயது ஏற ஏற, புதிதாகக் கட்டிய பகுதி அதிகமாகும். குட்டியின் எலும்பில் அது குறைவு.

2010இல் ஆராய்ச்சியாளர்கள் மாக்யரோசாரஸ் எலும்புகளை இப்படி அறுத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய எலும்புகளில்கூட, பழையது போய்ப் புதிதாகக் கட்டிய பகுதியே நிறைந்திருந்தது. குட்டிகள் அல்ல, நன்றாக வளர்ந்தவை! நோப்ச்சா எழுதிக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கருத்துக்கு உறுதியான சான்று கிடைத்தது. எலும்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதை டைனோசர் ஆராய்ச்சிக்குள் கொண்டு வந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

ஹட்செக் இப்போது யுனெஸ்கோ அங்கீகரித்த டைனோசர் புவிப்பூங்கா. அங்கே வேலை இன்னும் முடியவில்லை. அந்தப் பாறைகளிலிருந்தே, 10 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு டைட்டனோசரை அண்மையில் அடையாளம் கண்டு யூரியாஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குள்ளர்கள் வாழ்ந்த தீவில் இவ்வளவு பெரியது எப்படி? பெருநிலத்திலிருந்து பிற்பாடு வந்து சேர்ந்து, சிறுக்கக் காலம் போதவில்லையா? அல்லது இது வேறு தீனி தின்று, குள்ளர்களோடு போட்டியில்லாமல் வாழ்ந்ததா? இதை முடிவு செய்ய, எந்த எலும்பு எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது, அந்த அடுக்கின் வயது என்ன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டாக வேண்டும்.