இருட்டிலும் பார்க்கும் கண்

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நாகப்பட்டினம் பக்கம் மீன்பிடிப்பவர். ராத்திரி நியூஸில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, 2 மணிக்குப் படகு இறக்குவார். ஒருநாள் கேட்டார்: "ஏன்டா தம்பி, இந்த இருட்டுல மேலேர்ந்து எப்படிடா போட்டோ புடிக்கிறான்? பகல்ல எடுத்ததையே போட்டு ஏமாத்துறானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. லைப்ரரியில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் வானிலை செயற்கைக்கோள் இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரி 17-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு சுற்றுச் சுழலும் நேரத்தில் தானும் ஒரு சுற்று வருவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அதிலுள்ள 'இமேஜர்' நம் கேமரா மாதிரி 'கிளிக்' செய்வதில்லை. ஒரு கண்ணாடி அசைந்து அசைந்து, பூமியை வரி வரியாகத் துழாவும். முழுப் படம் முடிய 26 நிமிஷம் ஆகும்.

இமேஜருக்கு 6 அலைவரிசைகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் படம் எடுக்கச் சூரியன் வேண்டும். ராத்திரியில் அந்த அலைவரிசை குருடு. ஆனால் கடலும் மேகமும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வீசிக்கொண்டே இருக்கின்றன. அதற்குப் பகலென்ன, இரவென்ன? சூடான கடல் கறுப்பாகவும், குளிர்ந்த மேக உச்சி வெள்ளையாகவும் படத்தில் விழும். இவ்வளவு மெல்லிய வெப்பத்தை உணர, உணரியே சில்லென்று இருக்க வேண்டும். அதற்காக, இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி ஒரு குளிர்விப்பான் வைத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு வெள்ளையா காட்டுனான், மழையே வரலியே?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். அகச்சிவப்பில் தெரிவது மேகத்தின் தலை மட்டுமே. மிக உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகமும் குளிர்ந்ததே. மழை தராவிட்டாலும் வெள்ளையாகத் தெரியும். தாழ்ந்த மேகமோ கடலின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மங்கி மறைந்துவிடும். அதனால்தான் வானிலை அதிகாரிகள் ஒரே படத்தை நம்புவதில்லை. அடுத்தடுத்த படங்களில் மேகம் எப்படி வளர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, ராடாரையும் சேர்த்தே எச்சரிக்கை தருகிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப படம் கறுப்பா இருந்தாலும், கூண்டு ஏத்திட்டா போகக் கூடாதுங்கிற" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன். நண்பர்களே, நான் படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாள் அதுதான்.

- மூன்றாமாண்டு, மின்னணுவியல் துறை மாணவன்