நிழற்படத்திற் சிவந்த கண்

எம் கல்லூரி விடுதியில் நிகழ்ந்த விழா ஒன்றின் முடிவில், இரவு உணவு கழிந்தபின், நண்பர் பன்னிருவர் வரிசையாய் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டோம். உணவுக்கூடத்தில் வெளிச்சம் குறைவு. ஆதலின் படம் பிடித்த தோழர் தமது சிறு கேமராவின் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினார். மறுநாள் அப்படத்தைக் கண்டபோது நகையும் நாணமும் ஒருங்கே எய்தினோம். எண்மர் கண்கள் தணற்றுண்டங்கள் போற் சிவந்து விளங்கின. ஏனை நால்வர் கண்களோ என்றும்போற் கருத்தே இருந்தன. இடம் ஒன்று, விளக்கு ஒன்று, நொடியும் ஒன்று. அங்ஙனமாகச் சிலர் கண் சிவப்பானேன், சிலர் கண் சிவவாதொழிவானேன் என்னும் வினா எம்முள் எழுந்தது. அதற்கு யாம் அறிந்த விடையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கண்ணின் நடுவே கருவட்டமாய்த் தோன்றுவதைப் பாவை என்பர். அது கரியதொரு பொருளன்று. ஒளி உட்புகும் வாயிலேயாம். நண்பகலில் தெருவில் நின்று ஒரு வீட்டின் சாளரத்தை நோக்கின் உள்ளறை இருண்டு தோன்றுகின்றதன்றோ? அது போன்றதே பாவையின் கருமையும். உள்ளே சென்ற ஒளியுள் மிகச் சிறிதே மீண்டு வருதலின் அவ்வாயில் கருத்துத் தோன்றுகின்றது.

அவ்வறையினுள் வலிய ஒளியொன்று திடீரெனப் பாயுமாயின், உட்சுவர் புலப்படும். கண்ணின் உட்சுவராவது விழித்திரையும், அதன் பின்னே குருதிக் குழாய்கள் செறிந்து கிடக்கும் படலமுமாம். குருதியானது நீலம், பச்சை முதலிய நிறங்களைப் பெரிதும் விழுங்கிச் செந்நிறத்தையே மிகுதியாகத் திருப்புகின்றது. ஆகவே படத்திற் கண்ட சிவப்பு, கண்ணின் உட்புறத்து இயற்கை நிறமேயன்றிப் பிறிதன்று. கருநிறமி மிகுந்த கண்களில் இச்சிவப்பு மங்கியும், குறைந்த கண்களில் மிக்கும் தோன்றும்.

இது நிகழ்தற்குக் காரணம் மூன்று. முதலாவது, இருளிற் பாவை விரிதல். பேரொளியில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமுள்ள பாவை, இளைஞர்க்கு இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அகலம் நான்கு மடங்காயின் வாயிலின் பரப்புப் பதினாறு மடங்காம். இரண்டாவது, பிளாஷ் ஒளியின் விரைவு. அது பெரும்பாலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினுள் அடங்கிவிடும். பாவையோ கால் நொடியளவு கழிந்தே சுருங்கத் தொடங்கும். வாயில் அடைபடுமுன் ஒளி உட்புகுந்து மீண்டுவிடுகின்றது. மூன்றாவது, விளக்கு கேமராவின் வில்லையை ஒட்டியிருத்தல். கண்ணினுட் சென்ற ஒளி, பெரும்பாலும் தான் வந்த வழியே திரும்பும். அவ்வழியில் வில்லை இருப்பின் சிவப்புப் பதியும். விலகி இருப்பின் பதியாது.

இம்மூன்றையும் அறிந்தார்க்குத் தடுக்கும் வழி தானே விளங்கும். கூடத்தின் விளக்குகளையெல்லாம் ஏற்றிவிடின் பாவை சுருங்கும். சில கேமராக்கள் படம் பிடிக்குமுன் சிற்றொளிகளை வீசுவதும் அதன்பொருட்டே. விளக்கைத் தனியே பிரித்து உயர்த்திப் பிடித்தலும், அதன் ஒளியை வெண்மையான மேற்கூரையில் மோதச்செய்து பரப்புதலும் மிகச் சிறந்தன. வில்லைக்கும் விளக்குக்கும் இடையே 3 செ.மீ. தொலைவு உளதாயின், 3 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் கண்ணில் அது அரைப் பாகைக்குச் சிறிதே மிக்க கோணமாம். விளக்கை 15 செ.மீ. விலக்கின் அக்கோணம் ஏறக்குறைய மூன்று பாகையாகிப் பெரும்பாலும் சிவப்பு மறையும். விளக்கை விலக்க இயலாதாயின் அருகிற் சென்று எடுத்தலும் பயன் தரும். தொலைவு பாதியாகக் கோணம் இரட்டிக்கும். வில்லையை நேரே நோக்காது சற்றுப் புறத்தே நோக்குதலும் நன்று. எம் நண்பர் நால்வருள் இருவர் எதிரே பரிமாறி நின்றவரை நோக்கியிருந்தனர். மற்றிருவர் சுவர்விளக்கின் ஒளி முகத்திற் படும்படி நின்றனர். அவர் தப்பிய மருமம் இதுவே.

நிற்க. படமெடுப்போர் குறையென வெறுக்கும் இதனையே மருத்துவர் கருவியாக்கிக் கொண்டனர். முற்காலத்தில் உயிருள்ள கண்ணின் உட்புறத்தை நோக்க முயன்றவர் தலையே விளக்கொளியை மறைத்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் ஒளியைக் கண்ணினுட் செலுத்தி, அத்தகடுகளினூடே தாம் நோக்கும் கருவியை அமைத்து, 1851-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். ஒளி செல்லும் வழியும் பார்வை செல்லும் வழியும் ஒன்றாதலே அதன் நுட்பம். சிறு கேமராவும் அறியாமலே அதனைச் செய்கின்றது. இரு கண்ணும் ஒருபடித்தாய்ச் சிவத்தல், ஒளி செல்லும் வழி தெளிவாயுள்ளதென்பதற்கு ஓர் அறிகுறி.

ஆதலின் அஞ்சத்தக்கது சிவப்பன்று, வெண்மையே. குழந்தையின் படத்தில் ஒரு கண் சிவந்திருப்ப மற்றொன்றின் பாவை வெளுத்துத் தோன்றின், அது கண்புரையாகவோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவோ இருத்தல் கூடும். பிந்தியது பிறக்கும் குழந்தைகளுள் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவரைப் பற்றுவது. பெரும்பாலும் ஐந்து வயதிற்குள் வெளிப்படுவது. காலத்திற் கண்டு மருத்துவம் செய்யின் பெரும்பாலார் உயிர் பிழைப்பர்; பலர் பார்வையும் காக்கப்படும். காலந்தாழ்ப்பின் நோய் கண்ணைக் கடந்து பரவும். வீட்டில் எடுத்த படத்தில் இவ்வெண்மையைக் கண்டே மருத்துவரை நாடிய பெற்றோர் பலர். குழந்தை மூக்கின் பக்கமாகச் சற்றே நோக்கிய வேளையில், கண்ணரம்பு புகும் வெளிறிய இடத்தில் ஒளி பட்டு வெண்மை தோன்றுதலும் உண்டு, அது நோயன்று. எனினும் இன்னதென்று துணிதல் நம் பணியன்று, கண் மருத்துவர் பணியேயாம். ஐயமுற்ற அன்றே காட்டுதல் கடன்.

இக்காலத்துக் கருவிகள் சிவப்பை ஒரு நொடியில் அழித்துக் கருமை பூசவல்லன. எம் படத்தையும் அவ்வாறு திருத்தித் தருவதாகத் தோழர் கூறினார், வேண்டாவென்றோம். குழந்தைகளின் படத்தைத் திருத்துவோர், அழிக்குமுன் இரு கண்களையும் ஒருமுறை ஒப்பு நோக்குவாராக. அழகு கருதிச் செய்யும் அச்சிறு திருத்தம், ஒரு குழந்தையின் கண்ணைக் காக்க வந்த குறிப்பையும் உடன் அழித்துவிடலாகாது.