மணலுக்குள் குடியிருக்கும் பறவை

வடகடலில் வாழும் பஃபின் பறவையைத் தொலைக்காட்சியில் நம்மிற் பலர் கண்டிருப்போம். வண்ண அலகுடைய அப்பறவை நிலத்தைக் குடைந்து வளை அமைத்து, ஆண்டுக்கு ஒரேயொரு முட்டை இடுகின்றது. ஐஸ்லாந்து வரை சென்று வியக்கும் நாம், இதே வழக்கமுடைய ஒரு பறவை மன்னார்க் கரையில் நடமாடுவதை அறியாதிருக்கின்றோம்.

நண்டு தின்னி எனத் தக்க அப்பறவை கறுப்பும் வெள்ளையுமானது. நெடிய கால்களும் தடித்த அலகும் கொண்டது. தன் குடும்பத்தில் இது ஒன்றே இனம். கரைப்பறவைகள் பொதுவாக வெறுந்தரையில் முட்டையிட, இது மட்டும் மணலில் ஒரு மீற்றருக்கும் அதிகமான நீளத்திற்கு வளை தோண்டுகின்றது. இருளில் நிறமறைப்புத் தேவையில்லை என்பதாலோ என்னவோ, முட்டை தூய வெள்ளை. வெயிலில் காய்ந்த மணலின் வெப்பமே அடைகாப்பின் பெரும் பகுதியைச் செய்துவிடுவதால், பெற்றோர் நெடுநேரம் இரைதேடச் செல்ல முடிகின்றது. குஞ்சோ வளைக்குள்ளேயே இருந்து, பெற்றோர் கொணரும் நண்டை உண்டு வளர்கின்றது. பறக்கத் தொடங்கிய பின்னரும் மாதக்கணக்கில் பெற்றோரிடம் இரை கேட்டுத் திரியும்!

அரபுக் கரையோரமும் செங்கடல் தீவுகளுமே இதன் பிரதான இனப்பெருக்கத் தலங்கள். ஆதாம் பாலத்து மணல் தீடைகளில் கூடமைத்ததாகவும் பதிவுகள் உண்டு. 2015ஆம் ஆண்டில் ஆதாம் பாலம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டமை இவ்வகையில் வரவேற்கத்தக்கது. ஆயினும் வளையின் கூரை வெறும் மணலே. மனிதர் ஒருவர் அதன்மேல் நடந்தாலே இடிந்துவிடக் கூடும்.

2025ஆம் ஆண்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கிறங்கினர். நிலத்தடி நீரும் குடியிருப்புமே அவர்களின் முதற் கவலை, அது நியாயமானதே. பறவைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், மாரியில் வங்காலைக்கு வரும் பூநாரைகளே முன்னிற்கின்றன. அவை வானில் தெரிவன. நண்டு தின்னியின் கூடோ மணலின் கீழ் உள்ளது. அது கூடமைப்பதும் ஏப்ரல் முதலான கடுங்கோடையில். எனவே சுற்றாடல் மதிப்பீடு செய்வோர் மாரிக் கணக்கெடுப்புடன் நின்றுவிடாது, அம்மாதங்களிலும் தீடைகளையும் கரையோர மணலையும் தொலைவிலிருந்து அவதானித்த பின்னரே அறிக்கை எழுத வேண்டும் என நாம் கோருகின்றோம்.