குழந்தையைக் காக்கும் கண்கள்

புகழ்பெற்ற றொக் பாடகர் ஒருவரின் குழந்தையைக் கடத்தச் சிலர் சதி செய்கின்றனர். பள்ளிச் சிறுவர் நால்வர் துப்பறிந்து அதனை முறியடிக்கின்றனர். இத்தகைய கதைகளை நம் மாணவர் ஊணுறக்கம் மறந்து படிப்பதுண்டு. படிப்பதில் குற்றமில்லை. ஆயினும், மெய்யான உலகில் பொதுமக்களின் துப்பறிவு எவ்வாறு பயன்படுகின்றது? கொழும்புத் துறைமுகத்தில் குற்றவாளி பிடிபட்ட ஒரு வழக்கு இதற்கு நல்ல விடை தருகின்றது.

1960 ஆம் ஆண்டு யூன் மாதம், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஒப்பேரா மாளிகை கட்டுவதற்கென நடத்தப்பட்ட லொத்தரில் பசில் தோர்ன் என்பவருக்கு 100,000 பவுண் பரிசு விழுந்தது. பத்திரிகைகள் அவர் பெயரையும் முகவரியையும் வெளியிட்டன. சில நாட்களில் அந்நியன் ஒருவன் அவர் வீட்டுக்கு வந்து, தான் ஒரு தனியார் துப்பறிவாளன் என்று கூறி, யாரோ ஒருவரைப் பற்றி விசாரித்துச் சென்றான். கதைகளில் காவலனாக வருபவனின் வேடத்தையே கள்வன் பூண்டு வந்தான்!

யூலை 7 ஆம் திகதி காலை, பசிலின் எட்டு வயது மகன் கிரேம் பாடசாலைக்குப் புறப்பட்டான். நாள்தோறும் அவனைக் காரில் ஏற்றிச் செல்லும் குடும்ப நண்பி வந்தபோது அவனைக் காணவில்லை. விரைவிலேயே தொலைபேசியில் 25,000 பவுண் கப்பம் கேட்கப்பட்டது. அந்தோ! ஆகஸ்ட் 16 ஆம் திகதி, போர்வையொன்றில் சுற்றப்பட்ட பிள்ளையின் உடலே கிடைத்தது.

போர்வையில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புச் சாந்துத் துகள்களையும், இருவகைச் சைப்பிரஸ் மரங்களின் துணுக்குகளையும், நாய் மயிரையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். எத்தகைய வீட்டைத் தேடவேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. அந்த வீடு எங்கேயுள்ளது என்று காட்டியவரோ, தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துத் திரிந்த தபாற்காரர். சம்பவ தினத்தன்று தெருவில் நின்ற நீலநிற போர்ட் காரைப் பற்றி வழிப்போக்கர் கூறியதும் துணையாயிற்று. அதற்குள் ஸ்டீபன் பிராட்லி என்ற அக்கொடியவன் குடும்பத்தோடு 'ஹிமாலயா' கப்பலில் ஏறிவிட்டான். ஒக்டோபர் 10 ஆம் திகதி கப்பல் கொழும்பை அடைந்ததும் கைதானான். 1961 இல் ஆயுட்சிறைத் தண்டனை பெற்று, 1968 இல் சிறையிலேயே இறந்தான்.

பாடகர் குடும்பங்களுக்கும் இவ்வாபத்து நேர்ந்ததுண்டு. 1963 டிசெம்பரில், அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவின் பத்தொன்பது வயது மகனைக் கடத்தியவர்கள் 240,000 டொலர் பெற்றே விடுவித்தனர். கடத்தியோருள் ஒருவனின் சொந்தச் சகோதரனே பொலிஸாருக்குத் தகவல் கொடுக்க, யாவரும் அகப்பட்டனர்.

இவ்விரு வழக்குகளிலும் கதைவீரர் எவருமில்லை. கண்டதை மறைக்காமல் உரியவரிடம் சொன்ன சாதாரண மனிதரே உதவினர். ஆயினும் சிட்னியில் அவ்வுதவி பிள்ளையின் உயிர் போன பின்னரே வந்தது. முகவரி பகிரங்கமாகாதிருந்தால் அவ்வந்நியன் அக்கதவைத் தட்டியிருப்பானா? இதனை உணர்ந்தே, பின்னர் அங்கு பரிசு பெற்றோர் தம் பெயரை மறைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது.

இன்றோ, நம் முகவரியை வெளியிடப் பத்திரிகை வேண்டியதில்லை, நாமே வெளியிடுகின்றோம். பிள்ளை பரிசு பெற்றால் அவன் பெயர், பாடசாலைச் சீருடை, வீட்டு வாசல் யாவும் ஒரே படத்தில் முகநூலில் ஏறிவிடுகின்றன. செல்வரல்லாத நமக்கு என்ன பயம் என்று கருதுவதும் தகாது. பிராட்லி தேடியது பணம். பிள்ளைகளைத் தேடுவோர் யாவரும் பணத்தையே தேடுவதில்லை.

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்குப் பேருந்திலும் வேனிலும் நாள்தோறும் செல்லும் நம் மாணவருக்கு ஒரு வார்த்தை. அறியாதவர் எவரேனும் உங்கள் பெயரையோ, வீட்டு விவரத்தையோ, தம்பி தங்கையர் வீடு திரும்பும் நேரத்தையோ விசாரித்தால் விடை கூறாதீர்கள். வாகனத்தின் நிறத்தையும் இலக்கத்தையும் மனத்திற் கொள்ளுங்கள், பின்தொடர்ந்து செல்லாதீர்கள். அன்றே தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். பெரியோரும் அதனைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளாமல், அவசரமாயின் 119 என்ற பொலிஸ் இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தையும் அழைத்தல் வேண்டும். அந்தத் தபாற்காரர் செய்ததும் இதுவே: தாம் அறிந்ததை உரியவரிடம் சொன்னார்.