பேரண்டம் எதற்குள் விரிகிறது?

காரைக்காலில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பார்: "பேரண்டம் விரிகிறது என்றால், விரிவதற்கு வெளியே இடம் வேண்டாமா, சார்?" நல்ல கேள்வி!

தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். நம் ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இத்தகைய நிறமாலைகளைப் பதிவு செய்கிறது. தொலைவு இரு மடங்கானால் விலகும் வேகமும் இரு மடங்காகும் என்று 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார்.

பலூன் உவமை இங்கே உதவாது. பலூனைச் சுற்றி அறை இருக்கிறதே! முடிவில்லாத எண்கோடு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்னும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் பெருக்குங்கள்: 2, 4, 6. இடைவெளிகள் இரட்டித்துவிட்டன. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் பக்கத்துப் புள்ளி 1 அளவு விலகியிருக்கும், அதற்கடுத்தது 2 அளவு. ஹபிள் கண்ட விதியேதான்! ஆனால் கோடு புதிதாக இடம் ஏதும் கேட்டதா? இல்லை.

பேரண்டம் முடிவில்லாததா என்பது இன்னும் தீராத வழக்கு. முடிவுள்ளதாயினும், பொதுச் சார்பியல் கணக்கில் 'வெளியே' என்று ஓர் இடம் தேவைப்படுவதில்லை. வளர்வது மண்டலங்களுக்கு இடையிலான தொலைவு மட்டுமே.

அப்படியானால் காரைக்கால்–நாகப்பட்டினம் தூரமும் கூடுமோ? கூடாது. ஈர்ப்பு விசையாலும் மின்விசையாலும் கட்டுண்ட பொருள்கள் இதில் விரிவதில்லை. அண்டை மண்டலமான ஆண்ட்ரோமெடாவோ நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது.