கலப்பினக் கார்களின் பாதுகாப்பு மீளழைப்பு

பாதுகாப்பு மீளழைப்பு (ரீகால்) என்பது, விற்கப்பட்டுச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களில் வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ நேர்ந்த குறை ஒன்று தெரியவரும்போது, தயாரிப்பாளர் அவற்றைத் திரும்ப வரவழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் நடைமுறை ஆகும். பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் கலப்பின (ஹைபிரிட்) கார்களில், மின்பகுதியைச் சார்ந்த மீளழைப்புகள் பல நடந்துள்ளன. இந்தியாவில் அதிகமான கார்களைத் தொட்டவை மாருதி சுசுகி நிறுவனம் 2019, 2021 ஆம் ஆண்டுகளில் அறிவித்த இரண்டு மீளழைப்புகள். சியாஸ், எர்டிகா போன்ற அந்தக் கார்கள் இன்று பழைய கார் சந்தையில் கைமாறுகின்றன. ஆண்டுதோறும் வெள்ளத்தை எதிர்பார்க்கும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அவற்றை வாங்குவோரும் வைத்திருப்போரும் இதை அறிந்திருப்பது அவசியம்.

கலப்பினக் கார்களின் வகைகள்

கலப்பினக் கார்களை முழுக் கலப்பினம், மிதக் கலப்பினம் என இரு பெரும் வகைகளாகக் கொள்ளலாம்.

முழுக் கலப்பினக் காரில் உயர் மின்னழுத்த பேட்டரி உண்டு. குறைந்த வேகத்தில் சிறிது தூரம் மின்மோட்டாரால் மட்டுமே கார் நகரும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இவ்வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அது 2010இல் இந்தியாவில் அறிமுகமானது. 2013இல் கேம்ரி ஹைபிரிட் வந்தது. இவை விலை உயர்ந்தவை என்பதால் நம் ஊர்ச் சாலைகளில் அரிதாகவே காணப்பட்டன.

மிதக் கலப்பினக் காரில் மோட்டார் என்ஜினுக்குத் துணை மட்டுமே செய்யும். தனியாகக் காரை ஓட்டாது. மாருதி சுசுகி 2015 செப்டம்பரில் டீசல் சியாஸில் கொண்டுவந்த 'எஸ்.எச்.வி.எஸ்.' அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. 2018இல் சியாஸ், எர்டிகா கார்களின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுடனும் அது இணைக்கப்பட்டது. அதில் வழக்கமான 12 வோல்ட் ஈய அமில பேட்டரியோடு சிறிய லித்தியம் அயனி பேட்டரி ஒன்றும் உண்டு.

மோட்டார் ஜெனரேட்டர்

மிதக் கலப்பின அமைப்பின் உயிர்நாடி 'மோட்டார் ஜெனரேட்டர்' எனப்படும் உறுப்பு. இது பெல்ட் மூலம் என்ஜினோடு இணைந்திருக்கும். சிக்னலில் நின்று அணைந்த என்ஜினை மீண்டும் இயக்குவது, வேகம் எடுக்கும்போது என்ஜினுக்குக் கைகொடுப்பது, வேகம் குறையும்போது சக்கரங்களின் இயக்க ஆற்றலை மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவது ஆகிய மூன்று வேலைகளையும் அது செய்கிறது.

சாதாரணக் காரில் பேட்டரியை ஊட்டும் ஆல்டர்னேட்டரின் வேலையும் இதனிடமே உள்ளது. எனவே இது பழுதடைந்தால் எரிபொருள் சிக்கனம் குறைவதோடு நிற்காது. பேட்டரி ஏறாமல், ஒரு கட்டத்தில் கார் வழியிலேயே நின்றுவிடலாம்.

2019, 2021 மீளழைப்புகள்

2019 டிசம்பரில் மாருதி சுசுகி, சியாஸ், எர்டிகா, எக்ஸ்.எல்.6 ஆகிய மூன்று மாடல்களின் பெட்ரோல் கலப்பின வகையில் 63,493 கார்களைத் திரும்ப அழைத்தது. இவை 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரானவை. வெளிநாட்டு உதிரிபாக நிறுவனம் ஒன்று தயாரித்த மோட்டார் ஜெனரேட்டரில் உற்பத்திக் குறை இருக்கக்கூடும் என்பது காரணமாகக் கூறப்பட்டது.

2021 செப்டம்பரில் வந்த அறிவிப்பு இன்னும் பெரியது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகியவற்றின் சில பெட்ரோல் வகைகளில் 1,81,754 கார்கள் அதில் அடங்கின. தயாரிப்புக் காலம் 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை. மோட்டார் ஜெனரேட்டரைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தருவதாகவும், மாற்றும் பணி நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. அதுவரை நீர் தேங்கிய இடங்களில் காரை ஓட்டுவதையும், காரின் மின் உறுப்புகள் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சுவதையும் தவிர்க்குமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதன் பொருள்

நீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள் என்ற அறிவுரை ராஜஸ்தானத்து உரிமையாளருக்கு எளிது. கடலூர் மாவட்டத்தில் அது அவ்வளவு எளிதன்று. கடலூர் நகரையொட்டித் தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கின்றன. சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி. மேட்டூரிலும் சாத்தனூரிலும் திறக்கப்படும் நீர் இறுதியில் இங்குதான் வந்து சேர்கிறது.

2015 நவம்பர் மழையில் தமிழகத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. 2021 நவம்பரில், அதாவது உறுப்பை மாற்றித் தரும் பணி தொடங்கவிருந்த அதே மாதத்தில், தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்து கரையோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்து அதே ஆறு மீண்டும் கரை கடந்தது.

இந்த வெள்ளங்களில் நின்ற கார்கள் பின்னர் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதும் உண்டு. மீளழைப்பு வேலை செய்யப்படாத ஒரு கார் வெள்ளத்திலும் நின்றிருந்தால், வாங்குபவர் ஒரே காரில் இரண்டு சிக்கல்களைச் சேர்த்து வாங்குகிறார். பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் மின் இணைப்புகளை விரைவில் அரிக்கும்.

உரிமையாளர்கள் கூறும் பொதுவான குறைகள்

எல்லாக் குறைபாடும் மீளழைப்புக்கு உரியதன்று. தேய்மானத்தால் வருபவை வேறு. உற்பத்தியிலேயே வந்தவை வேறு. மிதக் கலப்பினக் கார்களில் வழக்கமாகக் காணப்படுபவை:

1. சிக்னலில் என்ஜின் தானாக அணையாமை. பேட்டரியில் மின்னூட்டம் குறைவாக இருந்தாலோ, ஏ.சி.க்கு அதிகக் குளிர்ச்சி தேவைப்பட்டாலோ அமைப்பே என்ஜினை அணைக்காது. பெரும்பாலும் இது பழுது அன்று.

2. பேட்டரி விரைவில் சோர்தல். வெப்பம் மிகுந்த ஊர்களில் ஈய அமில பேட்டரியின் ஆயுள் இயல்பாகவே குறையும். நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் காரிலும் இது நேரும்.

3. பெல்ட் கீச்சிடுதல். பெல்ட் தளர்ந்தாலோ தேய்ந்தாலோ வரும் ஒலி இது. மழைக்காலத்தில் கூடுதலாகக் கேட்கும்.

4. பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிதல். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மேலே சொன்ன காலத்தில் தயாரான காரில் இது எரிந்தால், மீளழைப்பு வேலை முடிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முழுக் கலப்பினக் கார்களில் உயர் மின்னழுத்த பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லத் திறன் இழப்பதும், அதைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றுவழி தூசியால் அடைபடுவதும் முக்கியக் குறைகள். அக்கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. பயிற்சி இல்லாதவர் அவற்றைத் தொடக் கூடாது.

பிற நாடுகளில்

2014 பிப்ரவரியில் டொயோட்டா, மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களில் சுமார் 19 இலட்சத்தை உலகெங்கும் திரும்ப அழைத்தது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளால் அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மிகையாகச் சூடாகிப் பழுதடையக்கூடும் என்பது காரணம். 2018 அக்டோபரில் சுமார் 24 இலட்சம் கலப்பினக் கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன. பழுது ஏற்படும்போது குறைந்த ஆற்றலில் பாதுகாப்பாக ஓட வேண்டிய கார், சில சூழல்களில் முழுவதுமாக ஆற்றலிழந்து நின்றுவிடக்கூடும் என்பது அதன் காரணம். கலப்பினக் காரில் இயந்திர உறுப்பு மட்டுமன்றி மென்பொருளும் பாதுகாப்பு உறுப்பே என்பதை இவை காட்டுகின்றன.

சட்ட நிலை

இந்தியாவில் 2012 முதல் வாகனத் தயாரிப்பாளர்கள் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறைப்படி மீளழைப்பை அறிவித்து வந்தனர். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 110-ஏ பிரிவின் மூலம், மீளழைப்புக்கு ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். அரசே ஆணையிட்டு மீளழைப்பு நடக்கும்போது தயாரிப்பாளருக்கு ரூ.10 இலட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்க வழியுண்டு.

காரைச் சரிபார்க்கும் முறை

மீளழைப்பு காரைச் சார்ந்தது. உரிமையாளரைச் சார்ந்தது அன்று. ஆனால் அறிவிப்புக் கடிதமும் குறுஞ்செய்தியும் நிறுவனத்திடம் பதிவாகியுள்ள முகவரிக்கும் எண்ணுக்குமே போகும். கார் இரண்டு மூன்று கை மாறியிருந்தால் செய்தி முதல் உரிமையாளரோடு நின்றுவிடும். ஆகவே இப்போது வைத்திருப்பவரே தேட வேண்டும்.

1. பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள 17 எழுத்தெண்கள் கொண்ட சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். மாருதி கார்களில் அது 'எம்.ஏ.3' என்று தொடங்கும். காரில் பொறித்திருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிடவும்.

2. நிறுவனத்தின் இணையதளத்தில் வாடிக்கையாளர் தகவல் பகுதியில் அந்த எண்ணை இட்டால், கார் மீளழைப்பில் உள்ளதா என்று தெரியும். இணைய வசதி இல்லாதவர் எந்த ஊரிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலும் கேட்கலாம்.

3. வேலை ஏற்கனவே முடிந்திருந்தால் சர்வீஸ் பதிவேட்டில் அதற்கான குறிப்பைக் கேட்டுப் பார்க்கவும். முடியாதிருந்தால் வேலை முடித்துத் தருமாறு விற்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே கூறவும்.

4. வெள்ளத்தில் நின்ற காரா என்றறிய, இருக்கை அடித் தகடுகள், சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் வரும் கடைசிப் பகுதி, ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றில் சேறும் துருவும் உள்ளனவா என்று பார்க்கவும்.

5. கார் வெள்ளத்தில் மூழ்கினால் ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்துச் சென்று சோதிக்கச் செய்யவும். நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் வரும் சேதத்துக்குப் பொதுவாக, தனியே என்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் காப்பீடு கிடைக்கும்.

புகார் அளித்தல்

மீளழைப்பில் உள்ள வேலைக்கு உதிரிபாக விலையோ கூலியோ கேட்கப்பட்டால், தொகையைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீர்வு கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கார் சென்னையில் வாங்கப்பட்டிருந்தாலும், கடலூர் மாவட்டத்தில் வசிப்பவர் கடலூரில் உள்ள ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். சர்வீஸ் ரசீதுகள், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்ததைக் காட்டும் நிழற்படம் ஆகியவை சான்றாக உதவும்.